எடை ஒன்று, பொருள் வேறு... மூலக்கூறை லேசர் எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மாத்திரை வருகிறது. உள்ளே இருப்பது ஃபுளோரோ-ஆம்ஃபெடமின். சரி, ஆனா எந்த ஃபுளோரோ-ஆம்ஃபெடமின்?

ஃபுளோரின் அணு வளையத்தில் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து 3 வகை உண்டு. நெதர்லந்து 2017இல் தடை செய்தது அவற்றில் ஒன்றை மட்டுமே: 4-எஃப்ஏ. அப்போது வகையை மாற்றிச் சொல்லியிருந்தால் வழக்கே மாறியிருக்கும்.

ஐசோமர் என்றால் என்ன?

ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை. அடுக்கிய விதம் மட்டும் வேறு. ஒரே லெகோ கட்டைகளை வைத்து 3 பொம்மைகள் செய்வது மாதிரி.

ஃபுளோரோ-ஆம்ஃபெடமினின் மூன்று வகையிலும் 9 கார்பன், 12 ஹைட்ரஜன், 1 ஃபுளோரின், 1 நைட்ரஜன் அணுக்கள்தான்.

எடை போட்டால் தெரியாதா?

தெரியாது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்பது மூலக்கூறுகளுக்கான தராசு. மின்னேற்றம் கொடுத்து அயனியாக்கி, அதன் நிறையை அளக்கும். ஐசோமர்கள் மூன்றுக்கும் ஒரே எடை. உடைத்துப் பார்த்தாலும் துண்டுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி.

லேசர் என்ன செய்கிறது?

பொம்மைகளை ஆட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஆடும், இல்லையா? மூலக்கூறுகளும் அப்படித்தான்.

- முதலில், குறிப்பிட்ட எடையுள்ள அயனிகளை மட்டும் கருவிக்குள் பிடித்து வைப்பார்கள்.

- பிறகு அகச்சிவப்பு லேசரைப் பாய்ச்சி, அதன் அலைநீளத்தைப் படிப்படியாக மாற்றுவார்கள்.

- அலைநீளம் அயனியின் அதிர்வோடு பொருந்தினால், அது ஒளியை மேலும் மேலும் உறிஞ்சி உடைந்துபோகும். பொருந்தாவிட்டால் சும்மா இருக்கும்.

- எந்த அலைநீளத்தில் எவ்வளவு உடைந்தது என்று வரைந்தால், அந்த மூலக்கூறின் கைரேகை கிடைத்துவிடும்.

ஒப்பிட மாதிரி கையில் இல்லையா? கணினியில் கணக்கிட்ட கைரேகையோடு ஒப்பிடலாம். சந்தைக்குப் புதிதாக வந்த பொருளுக்கு இது பெரிய உதவி.

எல்லா ஆய்வுக்கூடத்திலும் உண்டா?

இன்னும் இல்லை. நெதர்லந்தின் நைமெகன் நகரில் உள்ள ஃபீலிக்ஸ் ஆய்வுக்கூடம் இதற்குப் பெயர்பெற்றது. ஆனால் அங்குள்ள லேசர் ஒரு கட்டடத்தையே பிடித்துக்கொள்ளும். மேசையில் வைக்கக்கூடிய சிறிய லேசர்களும் இப்போது பயன்படுகின்றன.

சிங்கப்பூரில் எப்படி?

ஓர் அணுவை இடம் மாற்றிவிட்டுச் சட்டத்திலிருந்து தப்பும் வழி இங்கும் அடைக்கப்பட்டுள்ளது. 2024 ஜூன் 1 முதல், மூலக்கூறின் அமைப்பை மட்டுமல்ல, அது மூளையில் ஏற்படுத்தும் விளைவையும் சட்டம் பார்க்கிறது.

அதற்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: கையில் இருப்பது எது?