நைஜர் நதிமுகம் – அத்தியாயம் 9: நங்கூரமிட்ட நானூறு கப்பல்கள்

லாகோஸ் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் நிற்கின்றன. 1975 ஜூலை. எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறுகிறது. இன்னும் சில மாதங்களில் நானூறைத் தாண்டிவிடும். அவற்றில் பெரும்பகுதி சுமந்து வந்திருப்பது ஒரே சரக்கு: சிமென்ட். அபாபா துறையில் இடம் கிடைக்க வாரக்கணக்கில் காத்திருந்து, பிறகு மாதக்கணக்கில் காத்திருந்து, கடல் ஈரத்தில் மூட்டைகள் உள்ளுக்குள்ளேயே இறுகிக்கொண்டிருக்கின்றன. அப்படி நிற்கும் ஒவ்வொரு கப்பலுக்கும் நைஜீரிய அரசு தினமும் ஆயிரக்கணக்கான டாலர் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், கட்டவேண்டும். சரக்கை விற்று வரும் லாபத்தைவிட டெமரேஜ் வாங்குவதில் லாபம் அதிகம் என்று தெரிந்ததும், உடைக்கப்போக வேண்டிய பழைய கப்பல்களெல்லாம் லாகோஸ் பக்கம் திரும்பின.

சென்ற அத்தியாயத்தில் 1970 ஜனவரி 15 அன்று நிறுத்தியிருந்தோம். பிரிந்துபோக முயன்ற பியாஃப்ரா சரணடைந்து உள்நாட்டுப் போர் முடிந்தது, பஞ்சத்தில் குழந்தைகளைப் பறிகொடுத்த கிழக்குப் பகுதி மக்கள் வீடு திரும்பத் தொடங்கினார்கள். அந்த நாளுக்கும் இந்தக் கப்பல் வரிசைக்கும் இடையில் ஐந்தரை ஆண்டு. இந்த இடைவெளியில் நைஜீரியாவுக்கு அதற்குமுன் கண்டிராத அளவு பணம் வந்தது.

எவ்வளவு பணம்? அரசுக்கு எண்ணெயிலிருந்து கிடைத்த வருவாய் 1970-இல் சுமார் 16 கோடி நைரா. 1974-இல் 370 கோடிக்கு மேல். போர் முடிந்ததும் உற்பத்தி விறுவிறுவென ஏறி ஒரு நாளைக்கு 20 லட்சம் பீப்பாயைக் கடந்தது. சரியாக அந்த நேரத்தில், 1973 அக்டோபரில், மேற்காசியாவில் போர் மூண்டது. அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தின. பீப்பாய்க்கு 3 டாலர் அளவில் இருந்த விலை, 1974 பிறக்கும்போது 11 டாலரைத் தாண்டியிருந்தது. நைஜீரியா ஒபெக்கில் 1971-லேயே சேர்ந்திருந்தாலும் அந்தத் தடையில் சேரவில்லை. அதன் கச்சா எண்ணெயில் கந்தகம் குறைவு; சுத்திகரிப்பது எளிது. அட்லாண்டிக்கைக் கடந்தால் அமெரிக்கா. விற்பனைக்குக் கேட்கவா வேண்டும்?

அந்தப் பணம் யாருக்குப் போனது என்பதில்தான் நாட்டின் தலைவிதி இருந்தது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

எண்ணெய்க்கு முந்தைய நைஜீரியா விவசாயத்தில் வாழ்ந்தது. மேற்கே கோகோ, கிழக்கே செம்பனை, வடக்கே நிலக்கடலையும் பருத்தியும். விளைந்த பகுதிக்கே வருவாயின் பெரும்பங்கு என்பது அன்றைய ஏற்பாடு. சுதந்திரம் பெற்றபோது, தோண்டியெடுக்கும் கனிமத்தின் உரிமைத் தொகையில்கூடப் பாதி அந்தந்தப் பிராந்தியத்துக்குத்தான். கோகோ விவசாயியின் உழைப்பில் வந்த காசைக்கொண்டு ஒபாஃபெமி அவோலோவோவின் மேற்குப் பிராந்திய அரசு 1955-இல் இலவசத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தது. இபடான் நகரில் கோகோ ஹவுஸ் என்ற வானளாவிய கட்டடம் எழுந்தது. விவசாயிக்கு உரிய விலை முழுதாகக் கிடைத்துவிடவில்லை. கொள்முதல் வாரியங்கள் உலகச் சந்தை விலையைவிடக் குறைத்துக் கொடுத்து, மிச்சத்தை அரசுக்குச் சேர்த்தன. ஆனாலும் ஒரு கணக்கு இருந்தது. காசு யாரிடமிருந்து வந்தது என்று ஆட்சியாளனுக்குத் தெரியும். அந்தக் காசில் என்ன நடந்தது என்று கோகோ தோட்டத்துக்காரனுக்கும் தெரியும். பள்ளிக்கூடம் அவன் கண்ணெதிரே நின்றது.

எண்ணெய் வந்ததும் இந்தக் கணக்கு அறுந்தது. 1969-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, பெட்ரோலியம் முழுவதும் மத்திய அரசுக்கே சொந்தம் என்று யாகூபு கோவோனின் ராணுவ அரசு ஆணை பிறப்பித்தது. 1971-இல் கடலடி எண்ணெயின் வருவாய் முழுவதும் மத்திய அரசுக்குப் போனது. எண்ணெய் கிடைக்கும் மாநிலத்தின் பங்கு 45 விழுக்காட்டுக்கு இறங்கி, 1975-இல் 20 ஆனது. பின்னால் ஒன்றரை விழுக்காடு வரை சரிந்ததை வரும் வாரங்களில் பார்ப்போம். எண்ணெய்க் கம்பெனியின் காசோலை இப்போது நேரே லாகோஸுக்கு வந்தது. குடிமக்களிடம் வரி கேட்டுப் போகவேண்டிய தேவை அரசுக்கு இல்லாமல் போனது. அதோடு, அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய தேவையும் போனது. நைஜீரியாவின் அடுத்த ஐம்பது ஆண்டுத் துயரத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எண்ணெய் ஊற்றின் மீதே வாழ்ந்தவர்களின் நிலை என்ன? ஓகோனி பகுதியில் 1970-இல் போமு கிணறு ஒன்று வெடித்து, வயல்களிலும் ஓடைகளிலும் கச்சா எண்ணெய் பரவியது. எண்ணெயோடு வெளிவரும் வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தச் செலவாகும் என்பதால் ஊர்களுக்குப் பக்கத்திலேயே கொளுத்திவிட்டார்கள். மின்விளக்கு எட்டாத கிராமங்களில் அந்தத் தீயே இரவு முழுக்க வெளிச்சமாக இருந்தது.

போர்ட் ஹார்கோர்ட் எண்ணெய் நகரம்; ரிவர்ஸ் மாநிலத்தின் தலைநகர். அந்த மாநிலத்தில் 1973 ஜூலையில் ஆசிரியர்கள் தங்கள் குறைகளுக்காகப் போராடத் தயாரானார்கள். மினெரெ அமாகிரி என்ற பத்திரிகை நிருபர் அதைச் செய்தியாக எழுதினார். அது அச்சில் வந்த நாள், மாநிலத்தின் ராணுவ ஆளுநருக்குப் பிறந்தநாள். விழாவில் ஆளுநரைச் சங்கடப்படுத்திவிட்டதாகச் சொல்லி, அவருடைய உதவி அதிகாரியின் உத்தரவின் பேரில் அமாகிரியைப் பிடித்துத் தலையை மழித்து, 24 பிரம்படி கொடுத்தார்கள். அவர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் இழப்பீடு வழங்கச் சொன்னது. நாட்டின் செல்வம் ஊற்றெடுக்கும் மாநிலத்தில் ஆசிரியர்களுக்குக் குறை இருக்கிறது என்று எழுதியதற்குக் கிடைத்த கூலி இது.

இப்போது வடக்கே கானோவுக்கு வாருங்கள். அறுவடை முடிந்ததும் நிலக்கடலை மூட்டைகளைப் பிரமிடு வடிவில் அடுக்கிவைப்பது அன்றைய கானோவின் வழக்கம். ஒரு பிரமிடுக்கே ஆயிரக்கணக்கான மூட்டைகள். ரயிலேறித் துறைமுகம் போகக் காத்திருக்கும் அந்தக் குவியல்கள் அஞ்சல் அட்டைகளில்கூட இடம்பெற்றன. 1960-களில் நிலக்கடலை ஏற்றுமதியில் நைஜீரியா உலகின் முன்வரிசையில் இருந்தது.

1972 முதல் மழை பொய்த்தது. சாஹெல் வறட்சி இரண்டு மூன்று பருவங்களைத் தின்றது. எஞ்சிய பயிரை 1975-இல் ரோசெட் என்ற நச்சுயிரி நோய் தாக்கியது. வறட்சியும் நோயும் எந்த நாட்டுக்கும் வரும். வந்த பிறகு விவசாயிக்குக் கை கொடுத்தார்களா என்பதே கேள்வி. விவசாயம் அழிந்தால் கஜானா காலியாகும் என்ற பயம் பழைய அரசுகளுக்கு இருந்தது. எண்ணெய் அரசுக்கு அந்தப் பயம் இல்லை. எண்ணெய் டாலரால் ஒரு நைராவின் மதிப்பு ஒன்றரை டாலருக்கும் மேலே போயிருந்தது. கப்பலில் வந்த அரிசியும் கோதுமையும் உள்ளூர்த் தானியத்தோடு போட்டிபோட்டன. கட்டட வேலைக்குக் கூலி அதிகம் என்று இளைஞர்கள் நகரங்களுக்குப் பேருந்து ஏறினார்கள். வயலில் முதியவர்களும் பெண்களும் மிஞ்சினார்கள். பத்தாண்டு கழியும் முன்பே நிலக்கடலை ஏற்றுமதி ஏறக்குறைய நின்றுபோனது. செம்பனை எண்ணெயை உலகுக்கு ஊற்றிய நாடு அதை விலைக்கு வாங்கத் தொடங்கியது. ஏற்றுமதி வருவாயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அப்போது கச்சா எண்ணெய் ஒன்றுதான்.

நல்லதே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். சாலைகள் வந்தன. புதிய பல்கலைக்கழகங்கள் அறிவிக்கப்பட்டன. 1976-இல் நாடு முழுவதும் இலவசத் தொடக்கக் கல்வி தொடங்கியபோது பள்ளிகளில் பிள்ளைகள் நிரம்பி வழிந்தார்கள். ஆசிரியர்கள் போதவில்லை, தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பட்டதாரிகள் விமானம் ஏறி நைஜீரியச் சிற்றூர்களில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார்கள். தங்கள் குடும்பத்தில் அப்படிப் போய்வந்த ஒரு பெரியப்பாவோ அத்தையோ இந்தத் தொடரைப் படிப்பவர்களில் சிலருக்கு இருக்கக்கூடும்.

ஆனால் 1974-இல் லாகோஸில் இருந்தவர்களின் பேச்சு வேறு. ஜெரோம் உடோஜி தலைமையிலான குழு அரசு ஊழியர்களின் சம்பளத்தைச் சீர்திருத்த அறிக்கை கொடுத்தது. நிர்வாகத்தின் திறமையை எப்படி உயர்த்துவது என்பதும் அதில் இருந்தது. அரசு வேகமாகப் பற்றிக்கொண்டது சம்பளப் பகுதியை. ஆண்டுக்கு 312 நைராவாக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 720 ஆனது. பல மாத நிலுவையும் சேர்ந்து 1975 தொடக்கத்தில் மொத்தமாகக் கைக்கு வந்தது. மக்கள் அதை ‘உடோஜி’ என்றே அழைத்தார்கள். ரேடியோ, மோட்டார் சைக்கிள், குளிர்பதனப் பெட்டி எல்லாம் கடைகளிலிருந்து பறந்தன. தனியார் தொழிலாளர்கள் எங்களுக்கு எங்கே என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஓராண்டில் விலைவாசி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறியது. அரசு வேலையில் இல்லாத பெருங்கூட்டத்துக்கு, சந்தையில் கிழங்கு விற்ற பெண்ணுக்கு, படகோட்டிக்கு, உடோஜி என்றால் விலையேற்றம் மட்டுமே.

இந்த இடத்தில் நம் கப்பல்கள் வருகின்றன. போர் முடிந்தும் படை கலைக்கப்படவில்லை; வீரர்களுக்குக் குடியிருப்பு வேண்டும். பாதுகாப்பு அமைச்சகம் சிமென்ட் வாங்கக் கிளம்பியது. 68 நிறுவனங்கள், 109 ஒப்பந்தங்கள், மொத்தம் 1 கோடியே 60 லட்சம் டன்னுக்கு மேல். உண்மையான தேவை 30 லட்சம் டன்கூட இல்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்தது. லாகோஸ் துறைமுகம் ஓராண்டில் இறக்கக்கூடிய சிமென்ட்டோ சுமார் 10 லட்சம் டன். ஒப்பந்தக்காரர்களில் ஐந்தில் ஒருவர்தான் சொன்னபடி அனுப்புவார் என்று அதிகாரிகள் எதிர்பார்த்ததாகப் பிற்காலத்தில் ஓர் அமெரிக்க நீதிமன்றம் குறிப்பிட்டது. உலகமே திரண்டு அனுப்பிவிட்டது.

சிமென்ட்டுக்குப் பின்னால் நின்றவை எவை? உணவு, மருந்து, உதிரிப் பாகங்கள் ஏற்றிவந்த கப்பல்கள்.

1975 ஜூலை 29. கோவோன் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாட்டுக்காக உகாண்டாவின் கம்பாலாவில் இருந்தார். 1976-இல் ஆட்சியை மக்களிடம் ஒப்படைப்பதாகக் கொடுத்த வாக்கை, அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று முந்தைய அக்டோபரிலேயே கைவிட்டிருந்தார். காலையில் நைஜீரிய வானொலியில் ஒரு குரல்: கோவோனின் ஆட்சி முடிந்தது. குரலுக்குரியவர் கர்னல் ஜோசப் கார்பா. கோவோனைக் காக்கவேண்டிய காவல் படைப்பிரிவின் தளபதியே அவர்தான். கோவோன் ஷேக்ஸ்பியரின் நாடக வரிகளைச் சொல்லிப் புதியவர்களை வாழ்த்திவிட்டு, பிரிட்டனுக்குப் போய் வாரிக் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். சொந்தமாகச் சொத்துக் குவிக்காத மனிதர் என்று பெயரெடுத்தவர். தனக்குக் கீழே குவித்தவர்களை அவர் தடுக்கவும் இல்லை.

புதிய தலைவர் முர்த்தலா முகம்மது. வயது 36. இவரை நாம் ஆறாம் அத்தியாயத்தில் சந்தித்தோம். 1967-இல் அசாபாவில் நிராயுதபாணிகளான ஆண்களைச் சுட்டுத்தள்ளிய படைப்பிரிவுக்குத் தளபதி இவரே. அந்த ரத்தக்கறை வரலாற்றிலிருந்து போகாது. ஆனால் அதிபரானதும் அவர் காட்டிய வேகத்தில் நாடே நிமிர்ந்து உட்கார்ந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் உடனடியாக வேலை நீக்கம். முன்னாள் ஆளுநர்களின் சொத்து பறிமுதல். சிமென்ட் கப்பல்களுக்கு எதிராகவும் அவர் அரசு நடவடிக்கை எடுத்தது: முன் அனுமதி இல்லாத கப்பலுக்கு இடமில்லை, வங்கி உறுதிக் கடிதங்களுக்குப் பணம் இல்லை. விற்றவர்கள் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கைக் கொண்டுபோனார்கள். 1977-இல் டிரெண்ட்டெக்ஸ் வழக்கில் டென்னிங் பிரபு இருந்த லண்டன் நீதிமன்ற அமர்வு, மத்திய வங்கி என்பதால் விதிவிலக்குக் கேட்கமுடியாது என்று நைஜீரியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இந்தப் பணப்பெருக்கத்தின் முழுக் கணக்கு வெளிவர இன்னும் முப்பது ஆண்டு ஆனது. பொருளாதார நிபுணர் ஹாவியர் சாலா-இ-மார்ட்டினும், பிற்காலத்தில் இந்தியாவின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த அரவிந்த் சுப்பிரமணியனும் அதைப் போட்டுப் பார்த்தார்கள். நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகக் கொண்டு வாழ்ந்த நைஜீரியர்கள் 1970-இல் நூற்றுக்கு 36 பேர். 2000-இல் ஏறக்குறைய 70 பேர். இடையில் வந்த எண்ணெய்ப் பணம் முப்பதாயிரம் கோடி டாலருக்கும் அதிகம்.

முர்த்தலா இந்த வண்டியின் போக்கைத் திருப்பியிருப்பாரா? நைஜீரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். வாதத்துக்கு இடம் வைத்தது ஒரு காலைப்பொழுது.

1976 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. முர்த்தலா பதவியேற்று ஆறரை மாதம். பெரிய பாதுகாப்புப் பரிவாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவர். அரசு மாளிகைக்குக் குடிபோகாமல் இக்கோயியில் தன் வீட்டிலிருந்தே தினமும் டோடன் படைமுகாமிலுள்ள அலுவலகத்துக்குப் போய்வந்தார். அன்றும் கறுப்பு மெர்சிடிஸ் கிளம்பியது. எண்ணெய்ப் பணம் லாகோஸ் தெருக்களில் கார்களைக் கொட்டியிருந்தது. முந்தைய ஆண்டுதான் ஃபோக்ஸ்வாகன் அங்கே தொழிற்சாலையும் திறந்திருந்தது. மத்தியச் செயலகத்துக்கு அருகே போக்குவரத்து அடைத்துக்கொண்டது. அதிபரின் கார் மற்ற கார்களுக்கு நடுவே நின்றது.

பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே சில பேர் ராணுவ அதிகாரி டிம்காவின் ஆணைக்குக் கட்டுப்பட்டு வெகுநேரமாகக் காத்திருந்தார்கள். அவர்கள் வாங்க வந்தது பெட்ரோல் இல்லை. கறுப்புக் கார் நின்றதைப் பார்த்ததும் சாலையை நோக்கி நடந்தார்கள்.

(தொடரும்)