அச்சின் வாயில் நுழைந்த கை

பிளாஸ்டிக் வாளியொன்று எவ்வாறு பிறக்கிறது என்பதை நேயர்களிற் பலர் நேரிற் கண்டிருக்கக்கூடும். உருகிய குழம்பு பெருவிசையுடன் எஃகு அச்சினுள் செலுத்தப்படுகிறது, குளிர்ந்து இறுகுகிறது, அச்சு இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கிறது. சிறு பொருளாயின் தானே கீழே விழுந்துவிடும். பெரிய பொருளை எடுக்கவோ, ஒரு கை அந்த வாயினுள் நுழைந்தாக வேண்டும். நெடுங்காலம் அது மனிதனுடைய கையாகவே இருந்தது.

கதை யானைத் தந்தத்திலே தொடங்குகிறது. 1860களில் அமெரிக்காவில் பில்லியர்ட்ஸ் பந்துகளுக்கு வேண்டிய தந்தம் அருகியது. மாற்றுப் பொருள் காண்போருக்குப் பதினாயிரம் டாலர் பரிசு என்று விளம்பரம் வந்தது. அச்சுக்கூடத் தொழிலாளியாயிருந்த ஜான் வெஸ்லி ஹயட் முயன்று, நைட்ரோசெல்லுலோஸுடன் நம் பூஜையறைக் கற்பூரத்தையே சேர்த்துச் செல்லுலாய்டை ஆக்கினார். அதனைச் சூடாக்கி, உந்துதண்டினால் தள்ளும் இயந்திரத்துக்கு அவரும் அவர் சகோதரர் ஐசயாவும் 1872இல் காப்புரிமை பெற்றனர். இன்றைய இயந்திரங்களுக்கெல்லாம் அதுவே முப்பாட்டன்.

செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும். அத்தீங்கு குறைந்த செல்லுலோஸ் அசிடேட்டை வார்க்கும் இயந்திரத்தை 1919இல் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஆர்தர் ஐகன்கிரீன் அமைத்தார். யூதராய்ப் பிறந்த குற்றத்திற்காக, அந்த முதியவர் 1944இல் தெரேசியன்ஸ்டட் சிறைமுகாமுக்கு அனுப்பப்பட்டார் என்பதையும் இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. நல்லவேளையாக உயிர் பிழைத்தார்.

உந்துதண்டுக்கு ஒரு குறை உண்டு. உருளையின் சுவரை ஒட்டிய பிளாஸ்டிக் கருகும், நடுவிலிருப்பது உருகாது. 1946இல் ஜேம்ஸ் ஹென்ட்ரி சுழலும் திருகினைப் புகுத்தினார். திருகு கலக்கிக்கொண்டே உருக்குவதால் வெப்பம் சீராகப் பரவிற்று.

உருக்குவதும் செலுத்துவதும் இவ்வாறு திருந்தின. எடுக்கும் கை மட்டும் மாறவில்லை. அதை மாற்றிய நிகழ்ச்சி, உலோக வார்ப்பாகிய அண்டைத் தொழிலில் நடந்தது. ஜார்ஜ் டெவோல் என்பவர் 1954இல் விண்ணப்பித்த காப்புரிமை 1961இல் அவருக்குக் கிட்டியது. அவரும் ஜோசப் எங்கல்பர்கரும் சேர்ந்து ஆக்கிய ‘யூனிமேட்’ என்னும் இயந்திரக் கை, அதே ஆண்டு நியூஜெர்சியிலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்கு அமர்ந்தது. அதன் எடை ஏறத்தாழ நாலாயிரம் பவுண்டு. கொதிக்கும் வார்ப்புகளை அச்சிலிருந்து எடுப்பதே அதன் தொழில். அனலும் புகையும் சூழ்ந்த, மனிதர் விரும்பாத இடம் அது. 1969இல் ஜப்பானில் கவாசாகி நிறுவனம் உரிமம் பெற்று இதனைச் செய்யத் தொடங்கியது. பிளாஸ்டிக் ஆலைகளுக்கோ இத்துணைப் பருத்த உடல் தேவைப்படவில்லை. இயந்திரத்தின் மேல் உத்தரம் போற் கிடந்து, மேலிருந்து இறங்கி, உறிஞ்சு கிண்ணங்களாற் பொருளைப் பற்றியெடுக்கும் இலேசான கைகளே அங்கு நிலைபெற்றன.

கூலியை மிச்சப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு என்று பலரும் எண்ணுவர். அது பாதி உண்மையே. தொழிலாளி ஒரு முறை பத்து விநாடியிலும், மறுமுறை வியர்வையைத் துடைத்துக்கொண்டு பதினைந்து விநாடியிலும் கதவைத் திறந்து மூடுவார். அந்த இடைவெளியில் அச்சு குளிரும்; உருளையினுள் காத்திருக்கும் பிளாஸ்டிக் மிகையாகச் சூடேறும்; பொருளின் அளவு பிசகும். இயந்திரக் கைக்குக் களைப்பில்லையாதலால் ஒவ்வொரு சுற்றும் ஒரே கால அளவாகிறது.

நம் நாட்டில் இத்தொழிற்கல்விக்கென மத்திய அரசு, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு, 1968இல் சென்னையில் ஒரு நிலையம் நிறுவிற்று. ஆயினும் பம்பாயிலும் வாபியிலும் தமனிலும் சிறு பட்டறைகள் பலவற்றில் இன்றும் மனிதரே கதவருகில் நிற்கின்றனர். கதவு திறந்திருக்கும்வரை அச்சு மூடாதபடி தடுக்கும் பூட்டு உண்டு. உற்பத்தி குறைகிறதென்று அப்பூட்டைக் கழற்றிவைக்கும் முதலாளியும் உண்டு. ரோபோ வந்தால் வேலை போய்விடுமே என்று அஞ்சும் தொழிலாளியின் அச்சம் நியாயமானது. ஆனால் அவர் கை நுழையும் அந்த வாய், பல டன் விசையோடு மூடுவது.