கடவுள் மறுப்பும் சமய எதிர்ப்பும்

உலகைப் படைத்து நடத்தும் ஒரு கடவுள் இல்லை என்பது கடவுள் மறுப்பு. மறைநூல், குருமார், சடங்கு, சாதிக் கட்டுப்பாடு என ஒரு சமயம் மனிதர்மேல் செலுத்தும் ஆட்சியை ஏற்காமை சமய எதிர்ப்பு. பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். ஒன்று இருக்குமிடத்தில் மற்றொன்றும் இருந்தே தீரும் என்பதில்லை.

குழப்பத்துக்கு ‘நாத்திகம்’ என்ற சொல்லே ஒரு காரணம். இன்று அது கடவுள் இல்லை என்பாரின் கொள்கை. மனுஸ்மிருதியோ வேதத்தை இகழ்பவனையே நாத்திகன் என்கிறது. அந்த அளவுகோலின்படி, உலகைப் படைத்தவன் ஒருவன் இல்லை என்று வாதிட்ட குமாரில பட்டரின் மீமாம்சை ஆத்திகத் தரிசனங்களுள் ஒன்றாயிற்று. வேதத்தின் அதிகாரத்தையும் வேள்வியையும் அது விட்டுக்கொடுக்கவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. வேதத்தை ஏற்காத சமணமும் பௌத்தமும் நாத்திகம் எனப்பட்டன. அதாவது, இச்சொல் முதலில் ஒருவகைச் சமய எதிர்ப்பின் பெயர். கடவுள் மறுப்பின் பெயராகப் பின்னரே மாறியது. சமணத்திலும் படைப்புக் கடவுள் கிடையாது. ஆனால் கோயில் உண்டு, நோன்பு உண்டு, துறவறம் உண்டு. தமிழ்ச் சமணரின் மடம் மேல்சித்தாமூரில் இன்றும் இயங்குகிறது.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பவர் வடலூர் வள்ளலார் (1823–1874). கந்தகோட்டத்து முருகனையும் சிவனையும் பாடித் தொடங்கியவர், பிற்காலத்தில் அருட்பெருஞ்ஜோதி என்னும் ஒரே இறைவனிடம் முழுதாகக் கரைந்தார். அதே வேகத்தில் சாதியையும் சமயத்தையும் ஒதுக்கினார். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருபதேசத்தில், வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் ஆகியவற்றில் மனம் வைக்க வேண்டாம் என்று அன்பர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். இதைக் கடவுள் மறுப்பு என்று எவரும் சொல்ல முடியாது. இதைவிடக் கடுமையான சமய எதிர்ப்பையும் எளிதில் காட்ட முடியாது. அவர் 1872-இல் திறந்த சத்திய ஞான சபைக்குள்ளேயே பிற்காலத்தில் ஆகம வழிபாடு புகுந்தது வருத்தத்துக்குரியது. அதை நிறுத்தும்படி அறநிலையத்துறை பிறப்பித்த ஆணையை 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. ஐரோப்பாவில் இதே நிலையில் நின்றவர் தாமஸ் பெய்ன்: ஒரே கடவுளை நம்புவதாக அறிவித்துவிட்டு, எந்தத் திருச்சபையையும் ஏற்க மறுத்தார்.

அம்பேத்கர் வேறொரு வழியைக் கண்டார். மனித சமூகத்துக்குச் சமயம் தேவை என்பதை அவர் இறுதிவரை கைவிடவில்லை. அவர் எதிர்த்தது சாதியைப் புனிதமாக்கிய இந்து சமயத்தை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவியபோது எடுத்த 22 உறுதிமொழிகள், மும்மூர்த்திகளையும் இராமனையும் கிருஷ்ணனையும் வணங்குவதில்லை என்று தொடங்குகின்றன. புத்தரின் எண்வழிப் பாதையில் நடப்பதாகவும் சொல்கின்றன. கடவுள் போயிற்று, சமயம் நின்றது.

1954-இல் ரங்கூனில் நடந்த பௌத்த மாநாட்டின்போது அம்பேத்கரைச் சந்தித்த பெரியார், இரண்டையும் மறுத்தவர். ஆனால் இரண்டும் அவரிடம் ஒரே நாளில் முளைக்கவில்லை. 1927-இல் பெங்களூரில் காந்தியிடம் அவர் வாதிட்டது இந்து மதம் ஒழிய வேண்டும் என்பதற்காக. கடவுள் இல்லை என்னும் முழக்கம் இயக்கத்தின் வாசகமாக வடிவெடுத்தது 1967-இல். இடைப்பட்ட காலத்தில், சாதி இழிவு நீங்க இஸ்லாமில் சேரலாம் என்றும் அவர் பேசினார். கடவுளை மறுப்பவர் ஓரிறைக் கொள்கையுள்ள சமயத்தைப் பரிந்துரைக்கலாமா என்று கேட்டவர்கள், அவர் எடைபோட்டது எதை என்பதைக் கவனிக்கவில்லை. தீண்டத்தகாதவன் எனப்பட்டவனுக்குப் பள்ளிவாசல் வரிசையில் மற்றவரோடு தோளொட்டி நிற்க இடம் கிடைக்கும் என்பதே அவருக்குப் பெரிதாகப் பட்டது.