பாடவும் பிடிக்கவும் தெரிந்தவர்

தாமிரபரணிக் கரை ஊர்களின் கபடியைப் பற்றிப் பேசினால் பாடிப்போகிறவரின், அதாவது ரெய்டரின், பெயரே முதலில் வரும். அவர் தொட்டுவிட்டுத் திரும்புவதைக் கூட்டம் பார்க்கிறது. சுவரொட்டியிலும் அவர் படம்தான். பாடவும் தெரிந்து, பிடிக்கவும் தெரிந்து, கார்னரோ கவரோ எந்த இடம் காலியானாலும் போய் நிற்கும் ஆல்ரவுண்டருக்கு இரண்டாம் வரிசைதான் கிடைக்கிறது. இந்த வரிசை தவறு. இந்தச் சீமையின் கபடி அவர் தோளில் வளர்ந்தது.

கார், பிசானம் என்று இரு போகம் விளையும் நிலம் இது. பிசான அறுவடை முடிந்து வயல் காயும்போது இளைஞர்களுக்கு இடமும் நேரமும் கிடைக்கும். பொங்கலுக்கும் கோவில் கொடைக்கும் ஊர்ப் பெயரில் அணிகள் இறங்கும். மின்னொளிப் போட்டிகள் விடிய விடிய நடக்கும். ஊர் அணியில் மாற்று ஆட்கள் குறைவு. ஒருவருக்கு மூட்டு பிசகினால் அவர் வேலையையும் இன்னொருவர் பார்த்தாக வேண்டும். இத்தகைய கிராமக் களங்களின் மண்ணில்தான் மணத்தி கணேசன் தோன்றினார். அவருடைய மணத்தி, 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை நெல்லை மாவட்டத்து ஊர். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, 1995ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதையும் பெற்றார். மின்வாரியம், காவல்துறை, ரயில்வே போன்ற அணிகளில் இடம் பிடித்தால் அரசு வேலை என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருந்தது. பன்னிரண்டு பேரை மட்டும் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு வேலை தெரிந்தவருக்கு மதிப்பு தானாகவே கூடும்.

விதிகளும் அதையே சொல்கின்றன. களத்தில் நிற்பது ஏழு பேர். அவுட்டானவர் வெளியே போவார். தன் அணி எதிரணியில் ஒருவரை அவுட்டாக்கினால் உள்ளே வருவார். முதன்மை ரெய்டர் வெளியே இருக்கும்போது மிஞ்சியவர்களில் ஒருவர் பாடியே ஆக வேண்டும். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் சூப்பர் டேக்கிள். கூடுதலாக ஒரு புள்ளி. அணி நெருக்கடியில் இருக்கும் வேளைக்கென்றே வகுத்த பரிசு அது. அந்த வேளையில் ஒரே வேலை தெரிந்தவர் அணிக்குப் பாரம்.

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று மறுப்பார்கள். 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக் தனித்திறன்காரர்களுக்கே பணம் கொட்டுகிறது என்பார்கள். இதில் உண்மை உண்டு: உச்சத்தில் ஆடும் ரெய்டரின் வேகத்தை ஆல்ரவுண்டரிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதே லீக்கில் 2015இன் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர் மஞ்சீத் சில்லர்; பிடியிலும் ரெய்டிலும் பேர் பெற்றவர், பின்னாளில் தமிழ் தலைவாஸ் அணிக்கும் ஆடினார். புகழ்பெற்ற ரெய்டர்கள் நிறைந்த இந்திய ஆடவர் அணி 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று தோற்றது. தோல்விக்குப் பல காரணங்கள் இருக்கலாம். பாட்டு மட்டும் போதாது என்பது தெளிவு. பேஸ்பாலில்கூட பல இடங்களில் ஆடக்கூடிய பென் ஜோப்ரிஸ்ட்தான் 2016 உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர்; 2022 முதல் அத்தகையோருக்குத் தனியாகத் தங்கக் கையுறை விருதே உண்டு.

ஆகவே நெல்லைச் சீமையின் கபடி வரலாற்றை எழுதுகிறவர்கள் ரெய்டுப் புள்ளிகளோடு நின்றுவிடக் கூடாது. யார் எந்த இடத்தில் நின்றார், யாருக்குப் பதிலாக இறங்கினார், எத்தனை பிடி பிடித்தார் என்பதையும் மூத்த ஆட்டக்காரர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். அந்தக் கணக்கு இல்லாத வரலாறு பாதி வரலாறுதான்.