வடிகட்டி யாரிடம் கற்றது? கிள்ளான் பள்ளத்தாக்கில் குப்பை அஞ்சலும் துணை மென்பொருளும்

குப்பை அஞ்சலை வடிகட்டிய கதை பெரும்பாலும் பொறியியல் வளர்ச்சியாகவே எழுதப்படுகிறது. முதலில் தடைப்பட்டியல், அடுத்து விதிகள், பிறகு நிகழ்தகவுக் கணக்கு, கடைசியில் பெருநிறுவனங்களின் வழங்கிகள். பயனர் தம் கணினியில் தாமே நிறுவிக்கொண்ட துணை மென்பொருளுக்கு இந்த வரிசையில் ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். கோலாலம்பூரையும் அதைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கையும் வைத்துப் பார்த்தால் அந்த ஒரு பத்தி போதாது. எது வேண்டாத அஞ்சல் என்று தீர்மானிக்கும் பொறுப்பை மலேசிய ஒழுங்குமுறை முதலில் பயனரின் தலையில்தான் வைத்தது. அதைச் சுமக்க அவருக்குக் கிடைத்த கருவி இந்த மென்பொருள். அது எவ்வளவு துல்லியமாக வடிகட்டியது என்பதைக் காட்டிலும், யாருடைய அஞ்சலைப் படித்துப் பழகியது என்பதே வரலாற்றில் அதன் இடத்தை முடிவுசெய்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தில் குப்பை அஞ்சலுக்கு நெருங்கி வந்த பிரிவு 233. எரிச்சலூட்ட, இழிவுபடுத்த, அச்சுறுத்த அல்லது தொல்லைதர வேண்டும் என்ற நோக்கம் அனுப்பியவருக்கு இருந்ததாகக் காட்டினால்தான் அது பாய்ந்தது. மருந்து விற்கிறவருக்கு நோக்கம் விற்பனை, எரிச்சல் உடன்விளைவு. ஆகவே சாதாரண விளம்பரக் குப்பை அப்பிரிவின் ஓட்டை வழியே எளிதாக நழுவியது. தொடர்பு பல்லூடக ஆணையம் 2004 பிப்ரவரியில் வெளியிட்ட பொதுக் கலந்தாய்வு அறிக்கை ஒரு படிநிலையை வகுத்தது: முதலில் பயனரின் தற்காப்பு, அடுத்து இணையச் சேவை நிறுவனம், பிறகு பயனீட்டாளர் மன்றம், இறுதியில்தான் ஆணையம். அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் 2003இலேயே தனிச்சட்டம் கண்டன. சிங்கப்பூர் 2007இல் பின்தொடர்ந்தது. மலேசியாவில் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நேரடி விளம்பரத்துக்குத் தம் தரவைப் பயன்படுத்தாதே என்று எழுத்துமூலம் கேட்கும் உரிமையைத் தந்தது. முகவரியே தெரியாத அனுப்புநரிடம் அந்த எழுத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

இந்த வெற்றிடத்துக்குள்தான் துணை மென்பொருள் நுழைந்தது. 2002 ஆகஸ்டில் நிரலாளர் பால் கிரகாம் எழுதிய கட்டுரை, ஒவ்வொருவரும் தமக்கு வந்த நல்ல அஞ்சலையும் குப்பையையும் காட்டி வடிகட்டியைப் பழக்கலாம் என்ற கருத்தைப் பரப்பியது. அறிவியல் உலகில் 1998இலேயே முன்வைக்கப்பட்ட கருத்துதான் அது. 2002ஆம் ஆண்டுக்குள் அஞ்சல் வழங்கிக்கும் பயனரின் நிரலுக்கும் நடுவே அமர்ந்த பாப்ஃபைலும், அவுட்லுக்கில் செருகக்கூடிய ஸ்பேம்பேயஸும் உருவாயின. ஸ்பேம்பேயஸ் அஞ்சலை நல்லது, குப்பை, ஐயத்துக்குரியது என மூன்றாகப் பிரித்தது. ஐயத்தைப் பயனரிடமே திருப்பிக் கேட்கும் அடக்கம் பின்வந்த பல அமைப்புகளில் காணப்படவில்லை. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு தமிழர் வீட்டு அஞ்சல்பெட்டியில் ஆங்கிலமும் மலாயும் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழும் ஒரே வாக்கியத்தில் கலந்து கிடப்பது இயல்பு. இந்தக் கலவைக்கு எந்த ஆய்வுக்கூடமும் முன்கூட்டி விதி எழுதிவைத்திருக்கவில்லை. தன் உரிமையாளரிடமே பாடம் கேட்ட கருவிக்கு அந்த விதி தேவையும் இல்லை.

தமிழ் எழுத்திலேயே வந்த அஞ்சலின் நிலை இவ்வளவு எளிதல்ல. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது, முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களால் மலேசியத் தமிழர் தமிழிலேயே மடல் எழுதப் பழகிவிட்டிருந்தனர். குறியாக்கம் பெரும்பாலும் தமிழுக்கென வகுத்த தஸ்கி; உலகத்தரமான யூனிகோடு வந்துகொண்டிருந்தது. விதிவழி வடிகட்டியான ஸ்பேம்அசாசினில், ஏற்கத்தக்க எழுத்துத் தொகுதிகளைக் குறிக்கும் அமைப்பில் மேற்கத்திய, ஜப்பானிய, கொரிய, ருசிய, தாய், சீனத் தொகுதிகளே உண்டு, தமிழ் இல்லை. ஸ்பேம்பேயஸிலும் சிக்கல் இருந்தது, வேறு வடிவில். 12 பைட்டுக்கு மேல் நீளும் சொல்லை அது சொல்லாகக் கொள்ளாமல், நீளத்தையும் முதல் எழுத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளும். ஆங்கில எழுத்துகளுக்கு அப்பாற்பட்ட மேல்நிலை பைட்டுகள் இருந்தால் அவற்றின் விழுக்காட்டையும் சேர்த்துக்கொள்ளும். ‘வணக்கம்’ தஸ்கியில் 5 பைட், யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் 21. அதாவது உலகத்தரத்துக்கு மாறியதும் நீண்ட தமிழ்ச் சொற்கள் யாவும் வடிகட்டியின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே உருவமாகிவிட்டன. அந்நாளில் உலகெங்கும் கொட்டிய சீன எழுத்துக் குப்பையின் சாயலும் அதுவே. இருந்தும் கருவி முழுக்கத் தோற்றுவிடவில்லை: அனுப்புநர் பெயர், தலைப்பு, வந்த வழி ஆகியவற்றையும் அது எண்ணிக்கையில் சேர்த்தது. தமிழ் மடல்களை நல்லவை எனத் தொடர்ந்து காட்டியவரின் கணினியில் அந்த மங்கலான உருவமே நல்லெண்ணச் சான்றாக மாற முடிந்தது. பொதுவிதியில் அதற்கு வழியே இல்லை.

கணினி தெரிந்த சிலரின் பொழுதுபோக்கை வரலாறாக ஊதிப் பெருக்குவதாக இதை மறுக்கலாம். ஆனால் 2003 மார்ச்சில் வந்த மொசில்லா 1.3 என்ற உலாவி, அஞ்சல் தொகுப்பு, பயனரிடம் கற்கும் வடிகட்டியை உள்ளேயே வைத்தது. தனியே நிறுவத் தெரியாதவருக்கும் அதே முறை கிட்டியது. அதே ஆண்டின் அவுட்லுக்கோ மைக்ரோசாஃப்ட் பழக்கி அனுப்பிய வடிகட்டியைத் தந்தது. பயனர் அதற்குப் பாடம் சொல்ல முடியாது. பயனர் பழக்கும் வடிகட்டிக்கும் நிறுவனம் பழக்கிய வடிகட்டிக்கும் இடையிலான பிளவு அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம். இன்னொரு மறுப்பு வலுவானது. இணையச் சேவை நிறுவனங்களான ஜாரிங்கின் 1511, டிஎம்நெட்டின் 1515 எண்களை அழைத்து இணைந்த காலத்தில் தொடர்பு நேரத்துக்கே கட்டணம். குப்பையை முழுவதும் இறக்கிய பிறகு பிரிப்பதால் பணம் மிச்சமாகவில்லை. மெயில்வாஷர் போன்ற சில மென்பொருள்களே தலைப்பைப் பார்த்து வழங்கியிலேயே அழிக்க விட்டன. மேலும், கோடிக்கணக்கான அஞ்சல்களைக் காணும் வழங்கி, ஒரு மோசடி மடல் பரவும்போதே கண்டுகொள்ளும். தனிக்கணினிக்கு அந்தப் பார்வை கிடையாது. வங்கியின் பெயரில் வந்த போலி மடல்களிடமிருந்து மக்களைப் பெருமளவு காத்தவை வழங்கி வடிகட்டிகளே. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் காப்பும் தீர்மானமும் ஒரே கைக்குப் போயின. 2004 ஏப்ரலில் ஜிமெயில் தொடங்கிய பிறகு, துணை மென்பொருள் படிப்படியாகத் தேவையற்றதாயிற்று. 2024 பிப்ரவரி முதல் கூகுளின் விதிப்படி, தனிநபர் ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 அஞ்சலுக்கு மேல் அனுப்புவோர் தம் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும். குப்பை என்று பயனர் புகாரிடும் விகிதம் 0.3 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கவேண்டும். கோரப்படாத வணிக மின்செய்திகளைத் தடைசெய்யும் பிரிவைச் சேர்க்கும் சட்டத்திருத்தத்தை மலேசிய நாடாளுமன்றம் நிறைவேற்றியது அதே ஆண்டு டிசம்பரில்தான். பத்து மாத முன்பின் கிடக்கட்டும். கவனிக்கவேண்டியது, ‘குப்பை’ எனக் குறிக்கும் பொத்தானின் பொருள் மாறியதே. ஸ்பேம்பேயஸில் ஒருவர் ‘குப்பை’ என்று சொன்னால் மாறியது அவர் கணினியில் இருந்த கணக்கு மட்டும். இன்று கிள்ளானில் அதே பொத்தானை அழுத்துகிறவர், அந்த அனுப்புநரின் மடலை விரும்பிப் படிக்கும் மற்றவர்களின் பெட்டிக்கும் சேர்த்தே வாக்களிக்கிறார்.