தாத்தா பாட்டும் கார் பிளேயரும்

போன மாதம் ஆரணியிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் புடவைக் கட்டோடு பெரியப்பா காரில் போனோம். தாத்தா மார்கழி பஜனையில் பாடிய பழைய கேசட் ஒன்று வீட்டில் உண்டு. டேப் ரெக்கார்டரை ஓடவிட்டு, பக்கத்தில் போனை வைத்துப் பதிவு செய்து, பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தேன். சொருகினால் பிளேயர் "நோ ஃபைல்" என்கிறது. பெரியப்பா கடுப்பாகிவிட்டார். "இன்னாடா இது, கேசட்டா இருந்தா இந்நேரம் பாடியிருக்குமே!"

அவர் சொன்னது நியாயம்தான். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டைக் கொண்டுவந்தது. பிறகு மற்ற கம்பெனிகளும் கட்டணமில்லாமல் அதைச் செய்துகொள்ள உரிமம் கொடுத்தது. நாடா அகலம் 3.81 மில்லிமீட்டர், வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர், உலகம் முழுக்க இதே அளவுதான். அதனால் நம்மூர் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்த கேசட், எந்தக் காரில் போட்டாலும் பாடியது.

பென் டிரைவில் கதை வேறு. துளைக்குள் பொருந்திவிடும், ஆனால் உள்ளே இருக்கும் மொழி பிளேயருக்குப் புரிய வேண்டுமே! தறிக்காரர்களுக்கு இது புதுசில்லை. 240 கொக்கி ஜக்கார்டு பெட்டிக்கு வெட்டிய அட்டையை 120 கொக்கிப் பெட்டியில் மாட்டினால் டிசைன் விழாது.

எம்பி3 நுட்பத்தில் பெரும்பங்கு ஜெர்மனியின் பிரௌன்ஹோபர் நிறுவனத்துடையது. '.எம்பி3' என்ற பின்னொட்டை அவர்கள் முடிவு செய்தது 1995 ஜூலை 14 அன்று. 700 எம்பி சிடியில் ஏறக்குறைய 12 மணி நேரப் பாட்டு அடங்கியது; கேசட்டின் கதை அதோடு முடிந்தது. அதற்குப் பின் வந்தது ஏஏசி. போன்கள் பல, குரலை இந்த முறையில் பதிந்து எம்4ஏ என்று சேமிக்கின்றன. அதற்குத் தனி உரிமக் கட்டணம் உண்டு. மலிவான பிளேயர்களில் அதை விட்டுவிடுவதில் ஆச்சரியமில்லை. பெரியப்பா பிளேயரின் முகப்பில் 'எம்பி3, டபிள்யூஎம்ஏ' என்று மட்டும்தான் அச்சிட்டிருந்தது. இதைக் கவனிக்காமல் போனது என் தப்பு.

அக்கா பையன் ஒரு வழி கண்டுபிடித்தான்: பின்னொட்டை எம்பி3 என்று மாற்றிவிட்டான். இப்போது பெயர் தெரிந்தது, சத்தம் வரவில்லை. பருத்திக்குப் பட்டு லேபிள் ஒட்டிய மாதிரி!

முறையாக மாற்றி, புதிதாக வாங்கிய 64 ஜிபி டிரைவில் போட்டேன். இப்போது டிரைவே தெரியவில்லை. அந்த அளவு டிரைவுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் அமைப்பில் வருகின்றன. பழைய பிளேயர்களுக்குத் தெரிந்தது ஃபேட்32 மட்டும்தான். 32 ஜிபி டிரைவுக்கு மாறினேன். பெயர்கள் கட்டம் கட்டமாக வந்தன. அந்தத் திரையில் தமிழ் எழுத்துரு இல்லை. இடமும் பிரச்சினைதான்: 1996இல் வந்த ஐடி3 முதல் பதிப்பு, பாட்டின் தலைப்புக்கு ஒதுக்கியது 30 பைட். யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் கொம்புக்கும்கூடத் தனிக் கணக்கு. 'ஆரணிப் பட்டு' என்ற இரண்டு சொல்லே 34 பைட் ஆகிவிடுகிறது. வேறு வழியில்லாமல் தாத்தா பெயரை ஆங்கில எழுத்தில் வைத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும்: காருக்குத்தான் எம்பி3. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் ஒலி கழிந்துபோகும். அதனால் கேசட்டை வயர் போட்டு கம்ப்யூட்டரில் மறுபடி பதிந்து, வேவ் கோப்பாகத் தனியே வைத்திருக்கிறேன். பதிந்து முடித்த வாரமே டேப் ரெக்கார்டரின் பெல்ட் அறுந்துபோனது.

இந்த வாரம் திரும்பவும் காஞ்சிபுரம். செய்யாறு தாண்டும்போது போட்டேன். ஜால்ரா சத்தத்துக்கு நடுவே தாத்தா பாடினார். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. அரை மணி நேரம் கழித்து, டேப் நிற்கும் 'டக்' சத்தமும் சேர்ந்தே வந்தது.

"அந்தப் பக்கம் திருப்பிப் போடுடா" என்றார்.