சனிக்கிழமை ஓடாத செக்கு: கொங்கண யூதர் இல்லங்களில் சமயம்

பம்பாய்க்குத் தெற்கே கொங்கணக் கடற்கரைச் சிற்றூர்களில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்களுக்கு நெடுங்காலம் ஜெபாலயம் இருந்ததில்லை. ரபி எனப்படும் சமய குருக்களும் இல்லை. எபிரேய நூல்களைப் பயிலும் வழக்கமும் இல்லை. அவர்களது முதல் ஜெபாலயம் 1796இல்தான் பம்பாயில் எழுந்தது. அதைக் கட்டியவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றிய சாமுவேல் எசேக்கியேல் திவேகர். அதற்கு முன் இம்மக்களின் சமயம் எங்கே உயிர்வாழ்ந்தது என்று கேட்டால், வீட்டில் என்பதைத் தவிர வேறு விடை இல்லை. எனினும் இவர்களைப் பற்றிய வரலாறு பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த ஆசிரியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டது.

கொங்கணத்தில் இவர்கள் செக்கில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தனர். சனிக்கிழமையன்று அவர்களது செக்கு ஓடாது. ஆகவே சுற்றியிருந்தோர் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர், என அழைத்தனர். ஓய்வு நாளை அனுசரித்ததற்கு இதைவிட உறுதியான சான்று கிடைப்பது அரிது. ஏனெனில் இப்பெயரை இட்டவர்களுக்கு யூத சமயம் இன்னதென்றே தெரியாது.

பண்டிகைகளுக்கும் எபிரேயப் பெயர்கள் வழங்கவில்லை. மராத்திப் பெயர்களே வழங்கின. உபவாசமிருந்து பாவமன்னிப்பு வேண்டும் பெருநாள் 'கதவடைப்புப் பண்டிகை' எனப்பட்டது. அன்று வீட்டை அடைத்துக்கொண்டு, பிறரைத் தீண்டாது உள்ளேயே இருந்தனர். பஸ்காவுக்குப் புளிப்புக் கலயத்தை மூடிவைக்கும் பண்டிகை என்று பெயர். எருசலேம் ஆலயத்தின் அழிவை நினைந்து துக்கம் காக்கும் நாளோ, அன்று சமைக்கப்படும் முளைகட்டிய பயற்றின் பெயரால் அறியப்பட்டது. நாள்காட்டியே அடுக்களையின் மொழியில் அமைந்திருந்தது.

ஹனுக்கா பண்டிகை இவர்களிடம் இல்லை. அப்பண்டிகை தோன்றுமுன்பே, பொ.ஆ.மு. இரண்டாம் நூற்றாண்டில், முன்னோர் தாயகம் நீங்கியதற்கு இதுவே சான்று என்று இச்சமூகத்தின் வரலாற்றாசிரியர் ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் கருதினார். இவ்வாதம் வலுவற்றது. வழக்கொழிந்துபோன ஒன்றையும் ஒருபோதும் அறியப்படாத ஒன்றையும் மௌனம் வேறுபடுத்திக் காட்டுவதில்லை.

ஜெபங்களுள் எஞ்சியது 'ஷெமா' ஒன்றே. இறைவன் ஒருவனே என்று அறிக்கையிடும் அந்த எபிரேய வாசகத்தையே விருத்தசேதனம், திருமணம், இறப்பு ஆகிய எல்லாச் சடங்குகளிலும் ஓதினர். எலியா தீர்க்கதரிசியின் பெயரால் நேர்ந்துகொண்டு, அவலுடன் வெல்லமும் தேங்காயும் சேர்த்துப் பழங்களோடு படைக்கும் 'மலிதா' இன்றும் தொடர்கிறது. இதை இந்து அல்லது இஸ்லாமியக் கலப்பு என ஒதுக்கியோர் உண்டு. படையலின் வடிவம் கொங்கணத்துக்குரியது என்பதில் ஐயமில்லை; ஆனால் அழைக்கப்படுபவர் எலியா.

தாவீது ரஹாபி என்னும் யூதர் இம்மக்களை அடையாளம் கண்ட மரபுக்கதையும் இவ்விடத்தில் கருதத்தக்கது. அவரது காலம் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் கருத்துவேறுபாடு நிலவுகிறது. அவர் பல வகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம்; பெண்கள் செதிலும் துடுப்பும் உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விலக்கினராம். ரஹாபி பின்னர் மூன்று ஆடவரைத் தேர்ந்து சமயக் கல்வி புகட்டினார் என்றும் கதை தொடர்கிறது. வரலாறு நினைவில் வைத்தது ஆசிரியரை. தேர்வில் வென்ற பெண்களுக்குப் பெயர் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொச்சி யூதர்களின் வழிகாட்டலாலும், கிறித்தவ மறைப்பணியாளர் பள்ளிகளில் கற்ற எபிரேயத்தாலும் நூல்வழிச் சமயம் வலுப்பெற்றது. 1874இல் பூனாவில் எபிரேயமும் மராத்தியுமாக அச்சான பஸ்கா வழிபாட்டு நூலில், சேலை உடுத்த பெண்கள் புளிப்பில்லா அப்பம் செய்யும் சித்திரம் உள்ளது.

இவ்வீட்டு வழக்கங்கள் அரசியல் வழக்காகவும் மாறின. இஸ்ரேலில் குடியேறிய பெனே இஸ்ரேலர் பிற யூதரை மணக்க விரும்பினால் அவர்களது வம்சாவளியை விசாரிக்க வேண்டும் என 1962இல் அந்நாட்டுத் தலைமை ரபி மன்றம் பணித்தது. மணமுறிவு, விதவை மறுமணம் பற்றிய யூதச் சட்டங்களை அவர்கள் முன்னோர் அறிந்திருந்தனரா என்பதே அதன் ஐயம். போராட்டங்களுக்குப் பின், 1964 ஆகஸ்டில் இஸ்ரேல் நாடாளுமன்றம் அவர்களை எல்லா வகையிலும் யூதரே என அறிவித்தது. ரபி மன்றம் கேட்டது ஏட்டுச் சான்று. அச்சமூகத்திடம் இருந்ததோ சனிக்கிழமை நின்ற செக்கும், மீனைப் பிரித்தறிந்த கைகளும்.